ஈரக் குடுவை

விழலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி அந்தச் சொட்டு பியூரெட்டின் மூக்கில் தொங்கிக்கொண்டு நிற்கிறது, நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நாற்பத்து மூன்று வயதில் ஒரு சொட்டு காஸ்டிக் சோடாவுக்கு முன்னால் இப்படிக் குனிந்து நிற்பாய் புஷ்பலெட் என்று யாராவது முன்னே சொல்லியிருந்தால் அவனை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். விழு. விழுந்து தொலை. கீழே குடுவையில் ஆக்சாலிக் அமிலம், அதில் பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டிருக்கிறேன், விட்டதே தெரியவில்லை. மேலே நீளக் குழாயில் காஸ்டிக் சோடா, அதுவும் கிணற்றுத் தண்ணீர் மாதிரி. பார்த்தால் மூன்றும் ஒன்றுதான், ஒரு நிறமும் இல்லை, மணமும் இல்லை, நக்கிப் பார்க்கவும் விட மாட்டார்கள். ஆனால் மேலேயிருந்து இறங்குகிற காரம் கீழே இருக்கிற அமிலத்தை ஒன்று விடாமல் தின்று தீர்த்த அந்த ஒரு சொட்டில் குடுவை முழுக்க ரோஸ் நிறமாகும். அந்த இடத்தில் குழாயை அடைத்து, எத்தனை மில்லி இறங்கியது என்று பார்த்து எழுத வேண்டும். இவ்வளவுதான் பரீட்சை. விழுந்தது. குடுவையைச் சுழற்றினேன், விழுந்த இடத்தில் புகை மாதிரி ரோஸ் எழும்பி ஒரு சுற்று சுற்றிக் காணாமல் போனது. எங்கே போனது? இப்போது இருந்ததே. உள்ளே இன்னும் அமிலம் மிச்சம் இருக்கிறது, அது வந்து அதைப் பிடித்துக்கொண்டது என்று பாடம் நடத்தும்போது பெனிட்டா டீச்சர் சொன்னாள், அவளுக்கு இருபத்தாறு வயது, கேள்வி கேட்டால் கோபப்படாத ஒரே ஆள் அவள்தான். பிடித்துக்கொண்டது என்றால் எப்படிப் பிடிக்கும், கை இருக்கிறதா அதற்கு என்று கேட்டேன். ஒரு மாதிரி இருக்கு அக்கா என்றாள். இன்னொரு சொட்டு. சுழற்று. மறுபடி புகை, மறுபடி மறைந்தது, இந்த முறை கொஞ்சம் மெதுவாக, போக மனசில்லாத மாதிரி. இன்னொன்று. நின்றது. வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பார்த்தேன், பிள்ளைகளின் உள்ளங்கை நிறம். குழாயில் கண்ணை நேரே வைத்தேன். பத்தொன்பது புள்ளி ஆறு. எழுதினேன், குனிந்த முதுகு நிமிர ஒரு நிமிஷம் ஆனது.

இரண்டாவது தடவை எல்லாம் அதே மாதிரிதான் செய்தேன், பத்தொன்பதிலேயே ரோஸ் வந்துவிட்டது. பத்தொன்பது புள்ளி ஆறு, பத்தொன்பது புள்ளி பூஜ்யம். ஒரே பாட்டில் அமிலம், ஒரே பாட்டில் காரம், ஒரே கை. தாளில் மூன்று கட்டம் போட்டிருக்கிறது, கடைசியில் ‘ஒத்த அளவு’ என்று ஒரு கட்டம். பேனா தானாகப் போய் அதில் பத்தொன்பது புள்ளி மூன்று என்று எழுதியது. எழுதின பிறகுதான் என்ன செய்தேன் என்று பார்த்தேன். நடுவில் முடித்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாகச் சந்தையில் செய்கிற வேலை, அவன் ஒன்று சொல்வான், நான் ஒன்று சொல்வேன், கையைத் தட்டி நடுவில் முடிப்போம், இரண்டு பேருக்கும் பாதி வயிற்றெரிச்சல், பாதி சந்தோஷம். ஆனால் இங்கே யாரும் யாரோடும் பேசவில்லையே. அமிலம் ஏன் எனக்காக இறங்கி வர வேண்டும்? ஒன்று இது, இல்லையென்றால் அது, இல்லையென்றால் இரண்டும் பொய். அடித்தேன். தாளில் முதல் அடித்தல். போன வருஷம் இதே ரூமில், இதே மேஜையில், பியூரெட் குழாயின் திருகு இறுகிக் கிடந்தது, பீப்பாய் மூடியைத் திறக்கிற மாதிரி ஒரு திருகு திருகினேன், கண்ணாடி மடக்கென்று கையோடு வந்தது, அன்றைக்கு வந்திருந்த பரீட்சைக்காரர் ‘இது சந்தையில்லம்மா’ என்றார், ‘சந்தையா இருந்தா ஒன்ன மாதிரி ஆளு நிக்கவே மாட்டான்’ என்றேன், வெளியே வந்து பார்த்தால் முற்றத்தில் வெயில், கையில் ரத்தம், பெயில். எழுத்துப் பரீட்சை எல்லாம் பாஸ், இந்த ஒன்றுதான் மிச்சம். இந்தத் தடவையும் போனால் பினு ஜெயித்தான். பினு என்றால் கையுறைக் கம்பெனியின் பால் பார்க்கிறவன். எங்கள் பக்கத்தில் பால் என்றால் ரப்பர் பால், நாற்பத்தொரு வீட்டார் வெட்டி எடுத்த பாலை என் ஷெட்டில் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள், நான் அமோனியா சேர்த்துப் பீப்பாயில் நிரப்பிக் கம்பெனிக்கு அனுப்புகிறேன், அவன் அதில் நூற்றுக்கு எத்தனை பங்கு ரப்பர், எத்தனை பங்கு தண்ணீர் என்று பார்த்து ஒரு எண்ணை எழுதுவான், அதுதான் எல்லாம். விரலை முக்கி எடுத்தாலே எனக்குத் தெரியும், முப்பத்தாறுக்குக் குறையாத பாலை முப்பத்தொன்று என்று எழுதினான். கத்தினேன். எந்தச் சந்தையிலும் என் வாய்க்கு முன்னால் ஒருத்தன் அரைமணி நேரம் நின்றதில்லை, இவன் சிரித்துக்கொண்டே ஒரு தாளை நீட்டினான். ‘இது லேப் ரிப்போர்ட்டாக்கும் அக்கா, இதுல பேசதுக்கு ஒண்ணுமில்ல.’ ‘அப்ப நானே பாத்துக்கிடுதேன்.’ ‘பாக்கலாமே. பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பாஸானவங்க கையெழுத்துப் போட்டா ஒங்க ஷெட்டுலேயே பாத்துக்கிடலாம், கம்பெனி ரூலுல இருக்கு. அக்கா எத்தனாங் கிளாஸ்?’ பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்ற அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். அப்படிக் கையெழுத்துப் போடுகிறவர்களின் பட்டியலை ஜூன் மாதத்தோடு மூடுகிறார்கள். நாற்பத்தொரு வீட்டுப் பாலுக்கும் யார் எண் போடுவது என்பது இப்போது இந்தக் கண்ணாடிக் குழாயின் மூக்கில் தொங்குகிறது.

‘அக்கா, பதினெட்டு புள்ளி நாலு.’ காதுக்குப் பின்னால் தாசையன். லேப் அட்டெண்டர், முப்பது வருஷமாக இந்த ரூமில் பாட்டில் கழுவுகிறவர், உதட்டை அசைக்காமல் பேசுவதில் வல்லவர். ‘என்னது?’ ‘மெதுவா. வேல்யூ பதினெட்டு புள்ளி நாலு. எல்லாரும் எழுதியாச்சு. நீங்க மட்டும் என்னத்தப் பாத்துட்டு நிக்கிய?’ கையில் காலி ட்ரேயைத் தூக்கிக்கொண்டு அப்படியே நடந்து போய்விட்டார், யாருக்கும் ஒன்றும் சொல்லாத மாதிரி. பதினாறு பேர் பரீட்சை எழுதுகிறோம், மற்ற பதினைந்து மேஜையிலும் சத்தம் இல்லாமல் ஒரு நிம்மதி வந்திருந்தது, இப்போதுதான் கவனிக்கிறேன், எல்லாரும் நிதானமாகப் படம் வரைந்துகொண்டிருக்கிறார்கள். பக்கத்து மேஜையில் கான்ஸ்டபிள் ஆன்றோ, பிரமோஷனுக்காக எழுதுகிறவர், கண்ணடித்தார். பதினெட்டு புள்ளி நாலு. எனக்குப் பத்தொன்பது புள்ளி ஆறும் பத்தொன்பதும். எனக்குள்ளே இருக்கிற வியாபாரி உடனே கணக்குப் போட்டுவிட்டாள், பத்தொன்பது புள்ளி மூன்றுக்கும் பதினெட்டு புள்ளி நாலுக்கும் நடுவில் பதினெட்டு புள்ளி எட்டு, எட்டரை, முடிச்சிரு. சீ, போ அந்தப் பக்கம். பேசாமல் பதினெட்டு புள்ளி நாலு எழுதினால் பாஸ். மூன்று கட்டத்திலும் எழுதிவிட்டு வெளியே போய்ச் சாயா குடிக்கலாம். ஜூனில் பினுவுக்கு எதிரே உட்கார்ந்து கையெழுத்துப் போடலாம். போடலாம்தான், ஆனால் அவன் ஒரு எண்ணைச் சொல்லி எழுது என்பதும் தாசையன் ஒரு எண்ணைச் சொல்லி எழுது என்பதும், இதில் என்ன வித்தியாசம்? அவன் குறைத்துச் சொன்னான், இவர் உதவிக்குச் சொல்கிறார், அது வித்தியாசம்தான், தாசையன் நல்ல மனுஷன், போன வருஷம் கையில் ரத்தம் வந்தபோது துணி கிழித்துக் கட்டினவர். ஆனால் என் குடுவை ஏன் இன்னொன்று சொல்கிறது? அதுதான் விட மாட்டேன் என்கிறது. பேசாமல் எழுதிவிட்டுப் போனால் ராத்திரி கஞ்சி குடிக்கும்போது கேட்கும், நாளைக்குப் பால் அளக்கும்போது கேட்கும், ஏன் பத்தொன்பது புள்ளி ஆறு, ஏன் பத்தொன்பது.

முதலில் பார்த்த குடுவை மேஜை ஓரத்தில் கிடக்கிறது, அதில் ரோஸ் இல்லை. சத்தியமாக இருந்தது, இப்போது வெறும் தண்ணீர். காற்றிலிருந்து ஏதோ அதற்குள் இறங்கி மெதுமெதுவாக அமிலமாகிக் காரத்தைத் தின்றிருக்கிறது, நாம் விடுகிற மூச்சுக்காற்றே போதுமாம் அதற்கு. அப்படியென்றால் நான் பேசப் பேச இது மறைகிறதா? எத்தனை கத்தியிருக்கிறேன், அத்தனையும் எங்கே போய் எதைப் புளிக்க வைத்ததோ. பினாப்தலீனே ஒரு அமிலமாக்கும் என்று டீச்சர் சொன்ன நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அமிலத்தைக் காட்டிக்கொடுக்க வருகிறவனே ஒரு அமிலம், ரொம்பச் சோப்ளாங்கி அமிலம், பாதி நேரம் உடைவான், பாதி நேரம் சேர்ந்துகொள்வான், உடைந்தால் ரோஸ், சேர்ந்தால் ஒன்றும் இல்லை. சமநிலை என்ற பாடத்தில் இருக்கிறது அது. சமநிலை என்றால் எல்லாம் முடிந்து ஓய்ந்து கிடப்பது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன், தராசு முள் நடுவில் நிற்கிற மாதிரி. இல்லையாம், இந்தப் பக்கம் போகிறவன் போய்க்கொண்டே இருக்கிறான், அந்தப் பக்கமிருந்து வருகிறவன் வந்துகொண்டே இருக்கிறான், ஒரே வேகத்தில், அதனால் வெளியே நின்று பார்க்கிறவனுக்கு ஒன்றும் நடக்காத மாதிரித் தெரிகிறது. ஷெட்டில் இருக்கிற பார்மிக் அமிலக் கேனுக்குள்ளேயும் இதேதான். தண்ணீர் விட்டுக் கலக்கி வைத்த அமிலத்தில் நூறு பேர் இருந்தால் நாலைந்து பேர்தான் பிரிந்து வேலைக்கு வருவது, மற்றவர்கள் சும்மா நிற்பது, அந்த நாலு பேர் தீர்ந்தால் அப்புறம் இன்னும் நாலு பேர். இருபத்திரண்டு வருஷம் அந்தக் கேனைத் தூக்கியிருக்கிறேன். தட்டத்தில் பாலை ஊற்றி இந்த அமிலத்தில் கொஞ்சம் விட்டுக் கலக்கினால் பால் தடித்து இறுகும், அப்புறம் மெஷினில் அடித்தால் ஷீட். ஏன் இறுகுகிறது என்று ஒருத்தனும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை, சோறு ஏன் வேகிறது என்று யார் கேட்கிறார்கள். பாலுக்குள்ளே ரப்பர் பொடிப்பொடியாக மிதக்கிறதாம், ஒன்றுக்கொன்று ஆகாதாம், கிட்டே வந்தால் தள்ளிவிடுமாம், அமிலம் வந்து அந்த வீறாப்பை எடுத்துவிட்டால் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளுமாம். அமோனியா அந்த வீறாப்பைக் காப்பாற்றுமாம். என் ஷெட்டில் நாற்பத்தொரு வீட்டாரும் அப்படித்தானே என்று சிரித்தேன், டீச்சரும் சிரித்தாள். அப்புறம் ஒரு நாள் என் கேனிலிருந்தே ஒரு மூடி அமிலம் கொண்டுவரச் சொன்னாள். காரம் கொஞ்சம் சேர்த்து, வெள்ளி கரைந்த ஏதோ ஒரு தண்ணீரில் விட்டு, சோதனைக்குழாயைச் சுடுநீரில் நிறுத்தினாள். ‘வேற அமிலமெல்லாம் இதச் செய்யாதுக்கா, இது மட்டும்தான்’ என்றாள். கருத்தது, கலங்கியது, பிறகு குழாயின் உள்பக்கம் மெல்ல மெல்லக் கண்ணாடியானது. நிஜக் கண்ணாடி, முகம் பார்க்கிற கண்ணாடி. அதில் கோணலாக என் மூக்கு, என் தோடு. எறும்பு கடித்தால் எரிகிறதே அதுவும் இதே அமிலம்தான் என்றாள், எறும்பிலிருந்துதான் முதலில் எடுத்தார்களாம், எவன் எறும்பைப் பிழிந்தான், எத்தனை எறும்பு, என்ன பொறுமை அவனுக்கு. என் விரல் இடுக்கில் தோல் உரிந்து உரிந்து வளர்ந்த இடத்தை நான் அன்றைக்கு முதல் தடவையாக எரிச்சல் இல்லாமல் பார்த்தேன். உனக்குள்ளே இத்தனை இருந்ததா, இத்தனை நாள் சொல்லவே இல்லையே.

சத்தம் கேட்டுத் திரும்பினால் ஆன்றோ ஒரு குடுவையைக் குழாயடியில் கழுவிவிட்டு, உதறாமல் கொள்ளாமல், அடியில் தண்ணீர் தேங்கியிருக்க அப்படியே அமிலத்தை விடப் போகிறார், சும்மா செய்கிற மாதிரிக் காட்டுவதற்குத்தான், எழுதுகிற எண்தான் ஏற்கனவே வந்துவிட்டதே. எனக்குப் பொறுக்கவில்லை. ‘ஓய், பிளாஸ்க்குல தண்ணி கெடக்கு.’ ‘கெடந்தா கெடக்கட்டும்.’ ‘தண்ணி கெடக்க பாத்திரத்துல அளந்து விடுதீரே, நீரெல்லாம் போலீசா?’ ‘தண்ணி இருந்தா பரவாயில்லன்னு டீச்சர் சொன்னாங்கல்லா அக்கா. குடுவையத் தண்ணியில மட்டும் கழுவணும்னு.’ சொன்னாள்தான். நானும் கேட்டேன்தான். பியூரெட்டைக் காரத்தாலேயே அலச வேண்டும், பிப்பெட்டை அமிலத்தாலேயே அலச வேண்டும், குடுவையை மட்டும் வெறும் தண்ணீரால், ஈரம் இருந்தால் பரவாயில்லை. அதைக் கேட்டபோது உள்ளே என்னவோ சுருக்கென்றது. தண்ணீர் இருந்தால் பரவாயில்லை என்று சொன்னவனை எல்லாம் நான் என் ஷெட்டுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். எங்கள் தொழிலில் தண்ணீர் என்றால் களவு. காலையில் பால் ஊற்ற வருகிறவர் முன்னால் என் அளவுக் கேனைத் தண்ணீர் விட்டு அலசினேன் என்றால் அன்றைக்கு அந்தக் கேன் செல்லாது, அவர் கொண்டுவந்த பாலிலேயே ஒரு கரண்டி எடுத்துக் கேனை உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி, அதை அவர் வாளியிலேயே திருப்பி ஊற்றிவிட்டுத்தான் அளப்பேன், அவருக்கும் பயம் இல்லை, எனக்கும் பயம் இல்லை. அந்த வழக்கத்தில்தான் இன்றைக்குக் காலையில் மற்றவர்களைவிட யோக்கியமாக இருக்கலாம் என்று குடுவையையும் அமிலத்தாலேயே அலசினேன். ஒவ்வொரு தடவையும். அலசிக் கவிழ்த்தேன். கவிழ்த்தால் எல்லாம் போய்விடுமா? கையில் இருந்த காலிக் குடுவையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். உள்சுவரில் மினுமினுவென்று ஒட்டிக்கொண்டு, அடி விளிம்பில் வட்டமாகத் தேங்கி. ஒரு மில்லி இருக்குமா? ஒன்றரை? முதல் தடவை அவசரமாகக் கவிழ்த்தேன், இரண்டாவது தடவை கொஞ்சம் நேரம் பிடித்தேன். அதுதான் ஆறும் பூஜ்யமும். பிப்பெட்டால் இருபது மில்லி அமிலம் அளந்து விடுவதற்கு முன்னாலேயே உள்ளே அமிலம் ஒளிந்து உட்கார்ந்திருந்திருக்கிறது, அதைத் தின்பதற்கும் சேர்த்துத்தான் காரம் இறங்கியது. சரி, அது புரிந்தது. ஆனால் தண்ணீர்? தண்ணீர் இருந்தால் பரவாயில்லை என்பது எப்படி? அது மட்டும் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. தண்ணீர் சேர்ந்தால் அமிலம் நீர்த்துப் போகாதா, முப்பத்தாறு முப்பத்தொன்று ஆகாதா? நில்லு புஷ்பலெட், கோபப்படாமல் யோசி. பிப்பெட் இருபது மில்லி அளந்தாயிற்று. அதற்குள்ளே எத்தனை அமிலம் உண்டோ அத்தனைதான் உண்டு, உள்ளே விட்ட பிறகு கூடாது, குறையாது. சாப்பாட்டுக்கு இருபது பேர் வந்திருக்கிறார்கள், சின்ன ரூமில் உட்கார்ந்தாலும் இருபது இலை, பெரிய மண்டபத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தாலும் இருபது இலை. காரம் ஆளைத் தேடித்தான் வருகிறது, இடத்தை அளக்க வரவில்லை. அப்படியென்றால் என் ஷெட்டில் ஏன் தண்ணீர் களவு? லிட்டரால் அளப்பதனால். நான் லிட்டர் பார்க்கிறேன், லிட்டருக்குள்ளே தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ளும். அதே பாலை முழுசாக அமிலம் விட்டு இறுக்கி, அடித்து, காயவைத்து ஷீட்டாகத் தராசில் நிறுத்தால் அதில் தண்ணீர் என்ன திருட முடியும், வெயிலில் போகிறதுதானே. பியூரெட்டில் அளக்கிறேன், அங்கே தண்ணீர் இருந்தால் களவு. பிப்பெட்டில் அளக்கிறேன், அங்கேயும் களவு. குடுவையில் அளக்கவில்லை. அளக்கிற இடத்தில்தான் களவு. அட, இதுவா? இதற்கா ஒரு வருஷம் அந்த டீச்சர் பிள்ளையை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்?

குடுவையைத் தண்ணீர்க் குழாயில் மூன்று தடவை அலசினேன். உதறவில்லை. கை உதறப் போனது, பிடித்து நிறுத்தினேன், அடியில் தண்ணீர் தேங்கி நிற்க நிற்க அதன்மேல் அமிலத்தை விட்டேன், யாரோ என் கையைப் பிடித்துப் பொய் எழுத வைக்கிற மாதிரி இருந்தது. பதினேழு வரைக்கும் வேகமாக, அப்புறம் சொட்டுச் சொட்டாக. ரோஸ். பதினேழு புள்ளி ஒன்பது. மறுபடி கழுவு, மறுபடி ஈரம், மறுபடி அமிலம், இந்தத் தடவை எந்த எண் வருகிறது என்று பார்க்காமல் குடுவையை மட்டும் பார்த்துக்கொண்டு விட்டேன். பதினேழு புள்ளி ஒன்பது. இரண்டு வெவ்வேறு தடவை, இரண்டு வெவ்வேறு ஈரம், ஒரே எண். யாரும் இறங்கி வரவில்லை, யாரும் ஏறி வரவில்லை. மேலே இருந்த இரண்டையும் அடித்துவிட்டுக் கீழே இதை எழுதினேன், அப்போதுதான் பயம் வந்தது. ரூம் முழுக்கப் பதினெட்டு புள்ளி நாலு, நான் ஒருத்தி மட்டும் பதினேழு புள்ளி ஒன்பது. ‘என்னம்மா இது?’ வெளியூரிலிருந்து பரீட்சை எடுக்க வந்த மேடம் என் தாளைத் தூக்கிப் பிடித்திருக்கிறார், மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்வை. ‘எல்லாருக்கும் ஒரு வேல்யூ, உங்களுக்கு மட்டும் தனி வேல்யூவா?’ அவருக்குப் பின்னால் தாசையன், கையில் ட்ரே, முகத்தில் ரத்தம் இல்லை. எனக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. சொல்லிவிடலாம், ஒரே வார்த்தை, அத்தனை பேருக்கும் எண் எங்கேயிருந்து வந்தது என்று கேளுங்கள் என்றால் போதும், நான் யோக்கியம், அவர் வேலை காலி. நாக்கு நுனிவரை வந்தது. துணி கிழித்த கை அது. ‘மேடம், நீங்களே ஒரு வாட்டி விட்டுப் பாருங்க’ என்றேன், என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, கத்தவில்லை. ‘நான் எதுக்கும்மா?’ ‘நான் சொன்னா நம்ப வேண்டாம். கொழாயத் தொறக்கது மட்டும் நீங்க, நான் கை வைக்கல.’ அவர் என்னைப் பார்த்தார், பியூரெட்டைப் பார்த்தார், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். பழகின கை, நான் ஒரு மணி நேரம் எடுத்ததை நாலு நிமிஷத்தில் முடித்தார், கடைசிச் சொட்டைக் கண்ணாடிக் குச்சியால் தொட்டு எடுத்துக் குடுவைக்குள் கழுவி விட்டார், அப்படி ஒரு வித்தை இருப்பது எனக்குத் தெரியாது. ரோஸ். குனிந்து பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். ‘தாசையன், கரைசல் எப்ப தயார் பண்ணினீங்க?’ ‘நேத்துள்ளது பத்தல மேடம்... காலையில புதுசா கலக்கினேன்.’ ‘ம்.’ அவ்வளவுதான் கேட்டார், பதினெட்டு புள்ளி நாலு நேற்றைய கரைசலின் எண் என்று புரிந்து பதினைந்து மேஜையிலும் பேனா நின்றது. மேடம் என் தாளைக் கீழே வைத்தார். ‘இந்த ரெண்டையும் ஏன் அடிச்சீங்க?’ ‘குடுவைய அமிலத்துல கழுவிட்டேன் மேடம். அது உள்ள ஒட்டிக்கிட்டு இருந்துது. தண்ணில கழுவணும்.’ ‘தண்ணி இருந்தா அமிலம் நீர்த்துப் போகாதா?’ ‘போகும். ஆனா அமிலம் எங்க போகும், உள்ளதான கெடக்கு? காரத்துக்கு அதப் பிடிச்சாப் போதும்லா.’ ‘அதே தண்ணி பியூரெட்டுல இருந்தா?’ இது பாடத்தில் இல்லாத கேள்வியா, இருக்கிற கேள்வியா, அதற்குள் என் ஷெட்டே கண்முன் வந்தது. ‘அங்க அளக்கோம் மேடம். காரத்துல தண்ணி இருந்தா ஒரு மில்லின்னு எறங்குறது ஒரு மில்லியா இருக்காது. கூடுதலா எறங்கும், எண்ணு கூடும்.’ மேடம் சிவப்புப் பேனாவைத் திறந்து பதினேழு புள்ளி ஒன்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார், மார்க் போடுகிற இடத்தில் கை மறைத்து எழுதினார், ஆனால் நான் தலைகீழாகவே எண் படிக்கத் தெரிந்தவள், பினுவின் தாளை எதிரே நின்றே வாசித்தவள். பாஸுக்கு வேண்டியதைவிட மேலே, ரொம்ப மேலே. ‘நீங்க போகலாம்’ என்று சொல்லிவிட்டு அவர் ரூமைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். ‘மத்தவங்க எல்லாரும் பழைய வேல்யூவ அடிச்சிட்டு மறுபடி செய்யுங்க. இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. இந்தத் தடவை பியூரெட்டப் பாத்து எழுதுங்க, சுவரப் பாத்து எழுதாதீங்க.’

பதினைந்து பேரும் பெருமூச்சு விட்டதில் எல்லாக் குடுவையிலும் ரோஸ் மறைந்திருக்கும். ஆன்றோ பல்லைக் கடித்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார், ‘நல்லா இருப்பிய அக்கா, ஒரு ஸ்டேஷனையே மாட்டி விட்டிய’ என்றார். ‘மொதல்ல அந்தப் பிளாஸ்க்கக் கழுவும் ஓய், தண்ணில கழுவும், தொடைக்காண்டாம்.’ தாசையன் ஒவ்வொரு மேஜைக்கும் புதுத் தாள் வைத்துக்கொண்டே வந்தார், என் மேஜை வந்ததும் தாள் வைக்கவில்லை, சோப்புத் தண்ணீர் பட்டு வெளுத்த விரல்களால் மேஜையை ஒரு தட்டு மட்டும் தட்டிவிட்டுப் போனார். பையை எடுத்தேன். வாசல் வரைக்கும் போனேன். வெளியே போய் ஷெட்டுக்குப் போன் செய்ய வேண்டும், எல்லாரும் காத்திருப்பார்கள், என்ன ஆச்சு அக்கா, என்ன ஆச்சு என்று ஒருத்தரை ஒருத்தர் முந்திக் கேட்பார்கள். ஆனால் கொஞ்ச ஈரத்துக்கு அது சரி. ஒரு தேங்காய்ச் சிரட்டை தண்ணீர் என்றால்? அமிலத்தைவிடத் தண்ணீர் மூன்று மடங்கு என்றால், அப்போதும் அந்த ரோஸ் அதே இடத்தில் வருமா? இலைக் கணக்கு சரியென்றால் வர வேண்டும். வர வேண்டும் என்பது வேறு, வருகிறதைப் பார்ப்பது வேறு. திரும்பி வந்தேன். மேடம் நிமிர்ந்து பார்த்தார், ‘உங்களுது முடிஞ்சுதேம்மா’ என்றார். ‘முடிஞ்சுது மேடம். இது பரீட்சைக்கு இல்ல, எனக்கு.’ அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். பெரிய குடுவையாகப் பார்த்து எடுத்தேன், இருபது மில்லி அமிலம் விட்டேன், பிறகு குழாயைத் திறந்து பாதிக் குடுவை நிறையும் வரை தண்ணீரைச் சளசளவென்று ஊற்றினேன், வாழ்க்கையில் முதல் தடவையாக எந்தக் குற்றமும் இல்லாமல். இரண்டு சொட்டு பினாப்தலீன். பியூரெட்டை மேலே பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து திறந்தேன். பதினைந்து. பதினாறு. பதினேழு. ஆன்றோ அவருடைய வேலையை விட்டுவிட்டு என் குடுவையையே பார்க்கிறார். ‘இவ்வளவு தண்ணிக்கு இது இன்னைக்கு ஆவாது அக்கா.’ ‘வாய மூடும். மூச்சு விடாதயும், மறைஞ்சிரும்.’ பதினேழு புள்ளி ஆறு, புகை, மறைந்தது. ஏழு, மறைந்தது. எட்டு, இழுத்து இழுத்து மறைந்தது. சொட்டு மூக்கில் வந்து நின்றது, நான் திருகை விரல் நுனியால் தொட்டேன், இறுக்காமல், உடைக்காமல், ஒரு மயிரிழை. விழுந்தது. அத்தனை தண்ணீரும் அடி முதல் கழுத்து வரை மெல்லச் சிவந்தது, ரொம்ப வெளிறலாக, ஆனால் நின்றது. குனிந்து எண்ணைப் பார்த்தேன். பதினேழு புள்ளி ஒன்பது.